புதுப்பிப்பு: விண்டோஸ் + வி பற்றி இன்னும் கொஞ்சம்

காப்பி செய்த பழைய விஷயங்களைத் திரும்ப எடுக்க விண்டோஸ் விசையோடு வி அழுத்துங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "அழுத்தினால் ஒன்றும் வரவில்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதல் தடவை வரும் சிறு பெட்டியில் 'டர்ன் ஆன்' கொடுக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் கிளிப்போர்டு என்று போயும் இயக்கலாம். 2018 அக்டோபர் அப்டேட்டுக்கு முந்தைய விண்டோஸ் 10 என்றால் இந்த வசதியே கிடையாது.

காப்பி செய்தவற்றின் பட்டியலில் கடைசி 25 வரைதான் நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் காலி. 'பின்' (pin) செய்தவை, அதாவது பட்டியலில் நிலையாகக் குத்தி வைத்தவை மட்டும் தங்கும். நான் ஜிஎஸ்டி எண்ணையும் அலுவலக முகவரியையும் பின் செய்து வைத்திருக்கிறேன், பில் போடும்போது கை வலிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. நோட்பேடிலிருந்து பாஸ்வேர்டை காப்பி செய்தால் அதுவும் பட்டியலில் அப்பட்டமாகத் தெரியும். நாலு பேர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டரில் இதை இயக்காமல் விடுவதே மேல்.

அப்புறம், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற மவுஸைத் தேடுபவர்களுக்கு: விண்டோஸ் + ஸ்பேஸ். குரோமில் எழுத்துரு, நிறம் எதுவும் ஒட்டிக்கொள்ளாமல் பேஸ்ட் செய்ய கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி.