கடற்கரைச் சரணாலயத்தில் மூட்டுவலிக்காரர் நடக்க எந்த வழி நல்லது?

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. ஆனாலும் கடலோரம் நடந்தே தீருவேன் என்கிறார். எப்போது, எந்த வழியில் அழைத்துப் போகலாம்?

பதில் 1: கடல்நீர் இறங்கி வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அலை விலகிய ஈரமணல் கெட்டியாக இருக்கும். உலர்மணல் முழங்காலுக்குத் தண்டனை. போகும்போது எதிர்காற்றில் நடந்தால் திரும்புவது சுலபம்.

பதில் 2: கரை சரிவாக இருந்தால் ஈரமணலும் ஒரு காலை அதிகம் வருத்தும். சரணாலயத்தில் பலகைப் பாதை இருந்தால் அதுவே உத்தமம். அதை விட்டு மணலுக்குள் இறங்காதீர்கள். ஆலா, உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் வெறும் தரையில் முட்டையிடும். புள்ளி விழுந்த கூழாங்கல் என்றுதான் கண் சொல்லும்.

கேட்டவர்: சேற்றுத்திட்டில் போகலாமா? அம்மா கேட்கிறார்!

பதில் 1: வேண்டவே வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக ஏறும். ஓடை வழியே பின்பக்கமாக வந்து சூழ்ந்துவிடும்.