ஆடியில் அருள் வருவது பம்பையாலா, பழக்கத்தாலா?

குகைப்பம்பை:
ஆடி பிறந்தா சேலத்துல இந்தக் கேள்வி தானா வந்துடுது. என் பக்கத்தைச் சொல்லிடறேன்: அருளைக் கொண்டுவர்றது தாளம். பம்பை நிதானமா ஆரம்பிச்சு, அம்மனை வர்ணிச்சு உச்சத்துக்குப் போறப்ப நொடிக்கு நாலஞ்சு அடி விழும். மூளையின் மின்துடிப்புல தீட்டா அலைன்னு சொல்ற மெதுவான வகையும் நொடிக்கு 4 முதல் 8 வரைதான். மேளத்துக்கு ஏத்தபடி மூளை அலை மாறுதுன்னு 1960களின் தொடக்கத்துலயே ஆண்ட்ரூ நெஹர்ங்கற ஆய்வாளர் பதிவு பண்ணிட்டார். உடுக்கையும் சேர்ந்துட்டா கேக்கவே வேண்டாம்.

சேர்வராயன்காற்று:
நெஹர் காட்டினது அலை மாறினதை மட்டும்தாங்க. அதுவும் ஆய்வுக்கூடத்துல உட்காரவெச்சு. தலை லேசா ஆடினாலும் கண் இமை துடிச்சாலும் அந்தப் பதிவுல அலை மாதிரியே விழும், அதைச் சரியா விலக்கலைங்கற குறையும் உண்டு. மேளம் மட்டும் போதும்னா ஆப்பிரிக்காவுல பாதிப்பேர் வருஷம் முழுக்க ஆடிக்கிட்டே இருக்கணுமேன்னு இசை ஆய்வாளர் கில்பர்ட் ரூஜே 1980ல கேட்டார். நம்ம ஊர்லயே பாருங்க. பம்பைக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கிறது அடிக்கிறவர். ராத்திரி முழுக்க அந்தத் தாளம் அவர் காதுலதான். அவர் ஆடறாரா? ஆடினா தாளம் நின்னுடும். அவருக்கு வேற வேலை, அந்த வேலைதான் அவரைத் தெளிவா வெச்சிருக்கு.

மாங்கனித்தோப்பு:
ஒலிபெருக்கியில அம்மன் பாட்டு ஓடினாலும் சிலர் ஆடறாங்க. அதையும் கணக்குல எடுத்துக்குங்க.

குகைப்பம்பை:
அது எனக்குத்தானே சாதகம்?

சேர்வராயன்காற்று:
இல்லீங்க. அந்தப் பாட்டுல பல, நொடிக்கு ரெண்டு அடியைத் தாண்டாது. இழுக்கிறது வேகம் இல்ல, அம்மன் பேரும் குலவையும். சக்தி கரகம் தெருமுனை திரும்பற நேரத்துல வாசல்ல நிக்கிற நூறு பேருக்கும் ஒரே பம்பைதான் கேக்குது, ஆடறது நாலஞ்சு பேர். ஹிப்னாடிச ஆய்வுல இதுக்கு ஒரு தடயம் இருக்கு. ஒருத்தர் ஹிப்னாடிசத்துக்கு எவ்வளவு ஆட்படறார்னு பாக்க, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 1959ல 12 சோதனை கொண்ட ஓர் அளவுகோல் செஞ்சாங்க. அதுல அளந்தவங்களையே 25 வருஷம் கழிச்சு மறுபடி அளந்தப்ப, ரெண்டு அளவுக்கும் உள்ள ஒப்புமை 0.71 (அச்சு அசலா ஒத்துப்போனா 1). சொன்னதுல அப்படியே ஒன்றிப்போற தன்மை ஆளுக்கு ஆள் வேற, ஆனா ஒருத்தர்கிட்ட லேசுல மாறாது. வருஷா வருஷம் அதே அக்காவுக்கு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன்.

நரம்புமாணவி:
ரெண்டு பேரும் மூச்சை விட்டுட்டீங்க. அருள் வர்றப்ப கையைக் கவனிங்க: மணிக்கட்டு உள்ளே மடியும், விரல்கள் நீட்டியபடியே ஒண்ணாக் குவியும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ள போகும், உதட்டைச் சுத்தி மரத்துப்போகும். உஸ் உஸ்ஸுன்னு வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். ரத்தத்துல அந்த வாயுவோட வழக்கமான அழுத்தம் 40 மி.மீ. பாதரசம். ரத்தம் காரத்தன்மைக்குத் திரும்ப, தனியா உலாவற கால்சியம் புரதத்தோட ஒட்டிக்கும், தசை இறுகும். அந்த வாயு அழுத்தம் ஒரு மி.மீ. குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தமும் சுமார் 3 சதவீதம் குறையும். கண் இருட்டறது, தலை லேசாகறது எல்லாம் இதுலதான். விரதம், தூக்கமின்மை, வெயில், சாம்பிராணிப் புகை சேர்ந்தா இன்னும் சீக்கிரம்.

சேர்வராயன்காற்று:
உடம்புக்கு ஒத்துக்கறேன். ஆனா மூச்சுப் பயிற்சியில வேகமா மூச்சு விடறவங்களுக்கும் விரல் குவியுது, அவங்க யாரும் ஆத்தாவாப் பேசறதில்லையே. பேசற வாக்கு, கேக்கற வேப்பிலை, எலுமிச்சை, கற்பூரம் காட்டி திருநீறு பூசினதும் ‘சாமி மலையேறுது’ன்னு அடங்கறது, இதெல்லாம் சின்ன வயசுல இருந்து பாத்துப் பாத்து ஊறினது. நடிப்புன்னு சொல்லலை, சொல்றவங்ககிட்ட நான் சண்டை போடுவேன்.

குகைப்பம்பை:
பாலியில சாமி வந்தவங்க ரத்தத்தைச் சோதிச்சு, வலியைக் குறைக்கற பீட்டா எண்டார்ஃபினும், டோபமைன்ங்கற நரம்பு வேதிப்பொருளும் ஏறியிருக்குன்னு 2001ல எழுதினாங்களே?

நரம்புமாணவி:
ரத்தத்துல ஏறினா மூளையிலயும் ஏறினதா அர்த்தம் இல்லீங்க, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற தடுப்பை பீட்டா எண்டார்ஃபின் சுலபமாத் தாண்டாது. ஓட்டப்பந்தயத்துலயும் அது ஏறும். இன்னொண்ணு, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 11ல ஆட்கொள்ளல் நிலைக்குக் கோளாறுன்னு தனிப் பெயர் இருக்கு. ஆனா கூட்டு வழிபாட்டின் பகுதியா ஏத்துக்கிட்டதை அதுல சேர்க்கக் கூடாதுன்னும் அங்கேயே இருக்கு. விருப்பமில்லாம, திருவிழாவுக்கு வெளியே, வேலை கெடற அளவுக்கு வந்தாதான் மருத்துவரைப் பாக்கணும்.

மாங்கனித்தோப்பு:
கூட்டத்துல வலிப்பு வந்தவரை அருள்னு நெனைச்சுடறாங்க. எப்படிப் பிரிக்கறது?

நரம்புமாணவி:
வலிப்புல பெரும்பாலும் கண் திறந்து நிலைகுத்தும், உடம்பு தாளத்தைக் கண்டுக்காம வெட்டும், நாக்கு ஓரம் கடிபடும், சிறுநீர் பிரியலாம், நின்ன பிறகு குழப்பமா இருப்பாங்க. அருள்ல ஆடறவர் தாளம் மாறினா காலையும் மாத்துவார், குழந்தை குறுக்கே வந்தா விலகுவார். சந்தேகம் வந்தா ஒருக்களிச்சுப் படுக்கவெச்சு, தலைக்குக் கீழே துண்டை மடிச்சு வெச்சு, நேரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108. இரும்புச் சாவி கொடுக்கறதுல பலன் இல்ல. முழு நினைவு திரும்பற வரைக்கும் வாயில தீர்த்தம், எலுமிச்சை எதுவும் வேண்டாம், மூச்சுக்குழல்ல போயிடும். விரல் குவிஞ்சவருக்குக் காகிதப் பையைப் பிடிக்கறதும் தப்பு. பக்கத்துல நின்னு, மூச்சை மெதுவா, நீளமா வெளியே விடச் சொல்லுங்க, சில நிமிஷத்துல கை தானா விரியும்.

குகைப்பம்பை:
தாளம் மாறினா கால் மாறுதுன்னு இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. வரவழைக்கறது தாளம்னு சொன்னதைத் திருத்திக்கறேன். ஆனா வந்ததைப் பிடிச்சு நிறுத்தறது தாளம்தான், அதை விடமாட்டேன்.