மறு: ‘ஸ்டீட்டோசிஸ்’ – கொழுப்பேற்றமா, கொழுப்புத் தேக்கமா?

அன்பர்களுக்கு வணக்கம். ‘ஸ்டீட்டோசிஸ்’, அதாவது ஈரல் செல்களுக்குள் கொழுப்பு மிகுதியாகச் சேரும் நிலை, இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடலாடலில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘கொழுப்புக் கல்லீரல்’ என்று ஒரு சொல் ஏற்கெனவே புழங்குகிறதே ஐயா, இன்னொன்று எதற்கு?

புழங்கும் சொல்லைக் காரணமில்லாமல் துரத்தக் கூடாது என்பதுதான் என் கருத்தும். இங்கே காரணம் இருக்கிறது. ‘மது சாராத ஃபேட்டி லிவர்’ என்று வழங்கிய இந்த நோயின் பெயரையே 2023 ஜூனில் மாற்றினார்கள். அமெரிக்க, ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்கக் கல்லீரல் ஆய்வுச் சங்கங்கள் சேர்ந்து 56 நாடுகளைச் சேர்ந்த 236 பேரிடம் பல சுற்றுகள் கருத்துக் கேட்டு, ‘மது சாராத’ என்ற அடைமொழியையும் ‘ஃபேட்டி’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, ஸ்டீட்டோசிஸ் வழிவந்த சொல்லை வைத்தார்கள். 1980-இல் மயோ கிளினிக்கின் யூர்கன் லுட்விக் குழு, குடிப்பழக்கம் இல்லாத 20 பேரின் ஈரலில் குடியால் வருவது போன்ற அழற்சியைக் கண்டபோது ‘மது சாராத’ என்பது பொருத்தமான பெயர்தான். ஆனால் அது நோய்க்கு எது காரணமில்லை என்று மட்டும் சொல்கிறது. ‘ஃபேட்டி’யோ நோயாளியைக் கூச வைக்கிறது.

தமிழில் இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். ‘அவனுக்குக் கொழுப்பு’ என்றால் திமிர் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? ‘உங்களுக்குக் கொழுப்புக் கல்லீரல்’ என்று சொன்னதுமே, தின்று கொழுத்தவன் என்ற பழி சேர்ந்து வந்துவிடுகிறது. ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்பதை யாரும் கேட்கும் நிலையில் இருப்பதில்லை.

அதற்காகக் ‘கொழுப்பு’ என்ற சொல்லையே விட்டுவிட முடியாது. ‘கொழுமியம்’ என்று வைக்கலாம் என்று முந்தைய மடலில் ஒரு யோசனை வந்தது. கொழுமியம் என்பது லிப்பிட் என்ற பெருவகைக்கு வைத்த சொல்; கொலஸ்ட்ராலும் அதில் அடங்கும். ஈரல் செல்களுக்குள் துளித்துளியாகச் சேர்வது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு, அதாவது நேரடியான கொழுப்பு. ஆகவே அந்தச் சொல் இருக்கட்டும். கூடச் சேரும் சொல்லில்தான் நாம் கவனம் வைக்க வேண்டும்.

> ‘கொழுப்பேற்றம்’ சுருக்கமாக இருக்கிறது, இலக்கணமும் சரி.

சரிதான், ஆனால் பொருள் இடிக்கிறது. ஏற்றம் என்றால் யாரோ ஏற்றினார்கள் என்றாகிறது. உண்ட கொழுப்பு நேரே ஈரலில் போய் ஏறிக்கொண்டது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். 2005-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு, ஐசோடோப்பு (தனியே இனங்காணக்கூடிய அணு வகை) கொண்டு அடையாளமிட்டு, ஈரலில் இருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியது. ஏறக்குறைய 59 விழுக்காடு இரத்தத்தில் சுற்றும் கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்திருந்தது. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காதபோது கொழுப்புத் திசு இவற்றை ஓயாமல் வெளிவிடும். 26 விழுக்காட்டை ஈரலே சர்க்கரை போன்றவற்றிலிருந்து புதிதாகச் செய்திருந்தது. உணவுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடுதான்.

இது வரத்துக் கணக்கு மட்டும். போக்கு என்று ஒன்றும் உண்டு. ஈரல் கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கிறது. மீதியைப் புரதத்தோடு பொதிந்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. டிஎம்6எஸ்எஃப்2 மரபணுவில் ஒரு மாறுபாடு உள்ளவர்களுக்கு இந்த ஏற்றுமதி குறைகிறது. 2008-இல் கண்டறியப்பட்ட பிஎன்பிஎல்ஏ3 மாறுபாடு உள்ளவர்களுக்கோ, துளிகளாக நிற்கும் கொழுப்பு உடைவது தடைப்படுகிறது. இவர்கள் யாருக்கும் இது அதிகம் தின்றதால் மட்டும் வந்த வினை அல்ல.

வரத்து கூடினாலும் தேங்கும், மடை அடைத்தாலும் தேங்கும். அதனால்தான் கொழுப்புத்தேக்கம் என்று முன்மொழிகிறேன். தேங்கியது வடியும் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. இந்த நோயில் அது உண்மையும்கூட. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் பலருக்கு அழற்சியும் தணிகிறது. புதிய மருந்துகளையும் இந்தச் சொல்லை வைத்தே விளக்கிவிடலாம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம், ஈரலிலுள்ள தைராய்டு ஏற்பியைத் தூண்டிக் கொழுப்பு எரிவதைக் கூட்டுகிறது, மடையைத் திறக்கிறது. 2025 ஆகஸ்டில் அனுமதி பெற்ற செமாகுளுடைடு, பசியையும் எடையையும் குறைத்து வரத்தைக் குறைக்கிறது. ரெஸ்மெட்டிரோம் சோதனையில் அழற்சி நீங்கியவர்கள், மருந்தின் அளவைப் பொறுத்து 26 முதல் 30 விழுக்காடு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஏறக்குறைய 10 விழுக்காடு. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மருந்து இன்னும் வரவில்லை.

கொழுப்போடு அழற்சியும் சேர்ந்த நிலையான ஸ்டீட்டோஹெப்பட்டைட்டிஸ் என்பதைக் ‘கொழுப்புத்தேக்க ஈரலழற்சி’ என்று சொல்லிவிடலாம், அதில் சிக்கல் இல்லை.

ஃபைப்ரோசிஸுக்கு ‘நாரிழைப் பெருக்கம்’ என்று வந்த பரிந்துரையை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. பெருக்கம் என்றதும் ஏதோ வளர்ச்சி, கட்டி என்று நோயாளி பயப்படுவார். நடப்பது, காயம்பட்ட ஈரல் தழும்பிடுவது. ‘நார்த்தழும்பு’ என்றால் உடனே புரியும். நோயாளியின் ஆயுளை முடிவு செய்வது கொழுப்பின் அளவைவிட இந்தத் தழும்பின் படிநிலைதான். மேலே சொன்ன இரு மருந்துகளும் இரண்டு, மூன்றாம் படிநிலையில் உள்ளவர்களுக்கே அனுமதிக்கப்பட்டவை. நான்காம் படிநிலைதான் சிரோசிஸ், ஈரல் முழுதும் தழும்பேறி இறுகிய நிலை. எனவே அறிக்கையில் இந்தச் சொல் தெளிவாக இருப்பது மிக மிக முக்கியம்.

அப்புறம், நோயின் புதிய முழுப்பெயர். அதில் ‘மெட்டபாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்று வருகிறது, உணவை உடல் பயன்படுத்தும் வேலையில் வரும் சிக்கல். அதற்கு ‘வளர்சிதைப் பிறழ்வு’ என்று இங்கே ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். பிறழ்வு மரபணு மாற்றத்துக்கும் வழங்குவதால் குழப்பம் வரும். ‘கோளாறு’ எல்லாருக்கும் தெரிந்த சொல், யாரையும் குற்றம் சாட்டாது. ‘வளர்சிதைக் கோளாறுசார் ஈரல் கொழுப்புத்தேக்க நோய்’ நீளம்தான். பாடநூலில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு அடுத்து ‘ஈரல் கொழுப்புத்தேக்கம்’ என்று போகலாம். எடை அல்லது இடுப்பளவு, இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு, நல்ல கொலஸ்ட்ரால் ஆகிய ஐந்தில் ஒன்றாவது பிசகியிருந்தால் இந்தப் பெயர் பொருந்தும் என்பது புதிய வரையறை.

எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது. வளர்சிதைக் கோளாறும் இருந்து, வாரத்துக்குப் பெண்கள் 140 முதல் 350 கிராம், ஆண்கள் 210 முதல் 420 கிராம் ஆல்கஹால் அருந்துபவர்களுக்கென்று தனி வகை வைத்திருக்கிறார்கள். ‘இருகாரண’ என்ற அடையை யோசித்தேன். எந்த இரண்டு என்று அதில் தெரியவில்லை. ‘மதுகூடிய’ என்றால் மதுதான் முதன்மை என்று ஆகிவிடுமோ? இலக்கணம் தெரிந்தவர்களும் மருத்துவர்களும் இதற்கு ஒரு நல்ல அடையைச் சொல்லுங்கள்.

அன்புடன்.