ஸ்டைலிஸ்ட் ஆவதற்குச் சம்பளமில்லாமல் உதவியாளராகப் போகலாமா?

திருப்பூர்_மலர்
கோவையில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் பேஷன் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சென்னையில் விளம்பரம், சினிமா இரண்டுக்கும் உடை தேர்ந்தெடுத்து அணிவிக்கிற ஒரு ஸ்டைலிஸ்ட், தனக்கு உதவியாளராக வரச் சொல்கிறார். முதல் ஆறு மாதம் சம்பளம் கிடையாது, ஷூட் நாளில் சாப்பாடும் ஆட்டோ காசும் மட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், தம்பி காலேஜில் படிக்கிறான். எனக்கு இந்தத் தொழில்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. போகலாமா? துறையில் இருப்பவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

வடபழனிவாசி
போங்கம்மா. இருபது வருடமாக காஸ்ட்யூம் பக்கம் இருக்கிறேன், இந்த வேலையைச் செட்டில்தான் கற்க முடியும். காதர் நவாஸ்கான் சாலையில் ஒரு பொட்டிக்கில் போய் நின்று, நாளை ஷூட்டுக்கு நாலு செட் வேண்டும், மறுநாள் திருப்பித் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து யாரும் தர மாட்டார்கள். யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயருக்குக் கீழே கொஞ்ச காலம் இருந்தால்தான் பிறகு உங்கள் பெயருக்கே துணி வரும். எந்தத் தெருவில் எந்தக் கடை, சௌகார்பேட்டையில் லேஸ் யாரிடம், கோடவுன் தெருவில் மொத்தமாகத் துணி யாரிடம், ராத்திரி பதினோரு மணிக்கு பிளவுஸ் பிரித்துத் தைத்துத் தருகிற டெய்லர் யார், இதெல்லாம் கூடவே அலைந்தால்தான் தெரியும்.

ஊசிநூல்
அண்ணா சொல்கிற அலைச்சல் உண்மை, நானும் அலைந்தவள். ஆனால் அந்த அலைச்சலுக்குக் கூலி தராமல் அதைப் படிப்பு என்று சொல்வதை ஏற்க முடியாது.

மலர், உதவியாளர் என்ன செய்வார் என்று சொல்கிறேன். கடன் வாங்கிய ஷூவின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுவார், தரையில் தேய்ந்த தடம் இருந்தால் கடை திரும்ப எடுக்காது. பிரைஸ் டேக்கை வெட்டாமல் உள்பக்கம் மடித்துப் பின் குத்துவார். மாடலுக்குச் சட்டை லூசாக இருந்தால் முதுகில் கிளிப் போட்டு முன்பக்கம் கச்சிதமாகக் காட்டுவார். காலரில் பவுண்டேஷன் படாமல் இருக்கத் தலையில் துணி போட்டுத்தான் சட்டையை மாட்டிவிடுவார். பேக்கப் ஆனதும் எண்ணி, ஸ்டீம் போட்டு, மறுநாள் கடைகடையாகத் திருப்பிக் கொடுப்பார். ஒரு பட்டுத் துப்பட்டாவில் லிப்ஸ்டிக் பட்டால் அந்தப் பணம் யார் தலையில் விழும்? நான் உதவியாளராக இருந்தபோது என் தலையில் விழுந்தது. சம்பளமே இல்லாத இடத்தில், டேமேஜுக்கு மட்டும் என்னிடம் காசு.

இப்படி ஆறு மாதம் தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? சென்னையில் சொந்த வீடு இருப்பவரால், அப்பா மாதாமாதம் பணம் அனுப்புகிறவரால். திருப்பூரிலிருந்தும் சேலம் பக்கம் எலம்பிள்ளையிலிருந்தும் வருகிற, துணியைத் தொட்டே பழகிய பெண்கள் பாதியில் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

வடபழனிவாசி
தங்கச்சி, உங்கள் டேமேஜ் கதை அநியாயம், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஸ்டைலிஸ்டையும் பாருங்கள். விளம்பரக் கம்பெனி மூன்று நாலு மாதம் கழித்துத்தான் பேமெண்ட் விடுகிறது. டெபாசிட், டிரை கிளீனிங், வண்டி வாடகை எல்லாம் அவர் கைக்காசு. கையில் பணம் வராதவர் உதவியாளருக்கு எங்கிருந்து தருவார்?

கணக்குப்பிள்ளை
நான் ஆடிட்டர் ஆபீசில் இருப்பவன், பேஷன் தெரியாது. பேமெண்ட் விஷயம் மட்டும் சொல்கிறேன். ஸ்டைலிஸ்ட், சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம், ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் இல்லை. சிறு நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் எத்தனை நாள் தவணை போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 'நாலு மாதம் ஆகும், அதுதான் வழக்கம்' என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

வடபழனிவாசி
ஐயா, சட்டம் சரி. எந்த ஸ்டைலிஸ்ட் தயாரிப்பாளர் மேல் புகார் கொடுப்பார்? கொடுத்தால் அடுத்த வேலைக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை
புகார் வரை போக வேண்டாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணும் 45 நாள் என்ற வரியும் இருக்கட்டும். இப்போது வருமான வரியில், இந்தத் தவணையைத் தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. அதனால் மார்ச் மாதம் அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்களே பில்லைத் தேடி எடுப்பார்கள். எங்கள் ஆபீசில் பார்க்கிறேன்.

தரமணி_டிசைனர்
எல்லோரும் உதவியாளர் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். படிப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்? மத்திய அரசின் பேஷன் கல்லூரியான நிஃப்டில் பேஷன் கம்யூனிகேஷன் நான்கு வருடப் பட்டம், ஸ்டைலிங், போட்டோகிராபி, கிராபிக்ஸ் எல்லாம் அதில் வருகிறது. ஒரு பிராண்டுக்கு லுக்புக், அதாவது அதன் உடைகளைக் காட்டும் படத்தொகுப்பு செய்யும்போது, ஏன் இந்த நிறம், ஏன் இந்த வருடம் இந்தக் கட் என்று மூட்போர்டு (படம், நிறம், துணி மாதிரி ஒட்டிய பலகை) வைத்து வாதாடத் தெரிய வேண்டும். செட்டில் பின் குத்தப் பழகியவருக்கு அது தானாக வராது.

ஊசிநூல்
வராது என்பது தப்பு. என்னோடு இருந்தவர்களில் மிக அழகாக மூட்போர்டு போட்ட பெண் பிளஸ் டூவோடு நிறுத்தியவள். மலர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர், இன்னொரு நான்கு வருடமும் அந்த பீஸும் அவர் வீட்டுக்குத் தாங்காது. அவரிடம் இருப்பதைப் பாருங்களேன். துணி தெரியும்.

திருப்பூர்_மலர்
பின்னலாடை தெரியும் அக்கா. டி-ஷர்ட் தைக்கிற சிங்கிள் ஜெர்சித் துணியின் வெட்டிய ஓரம் சுருளும், ஸ்டீமை எங்கே நிறுத்த வேண்டும் என்று கை அறியும். இங்கே பிராண்டு ஷூட்டுக்கு வருகிற சிலர் டி-ஷர்ட்டின் கழுத்து ரிப்பை அழுத்தி அயர்ன் செய்து இழுத்துவிடுவார்கள், அப்புறம் கழுத்து அலையலையாக நிற்கும், கேமராவில் பார்க்கவே முடியாது. கலப்பு நிற நூலில் வருகிற சாம்பல் மெலாஞ்ச் துணியில் ஒரு துளி வேர்வை பட்டாலும் தெரியும். வேறு பீஸ் வைத்திருக்கச் சொல்லி நான்தான் கத்துவேன்.

ஊசிநூல்
இதைத்தான் கேட்டேன்! திருப்பூரில் உள்ளாடை, டி-ஷர்ட், குழந்தை உடை என்று எத்தனை பிராண்டு, எல்லாவற்றுக்கும் கேட்லாக் வேண்டும், ஆன்லைன் விற்பனைக்குப் படம் வேண்டும். அந்த ஷூட்டுகளில் ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கிக்கொண்டு நில்லுங்கள். வேலையை விடாதீர்கள். போர்ட்போலியோ உங்கள் பெயரிலேயே வளரும்.

வடபழனிவாசி
இங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. கேட்லாக்கில் துணி அழகாகத் தெரிந்தால் போதும். சினிமாவில் துணி யாருடையது என்று தெரிய வேண்டும். உடை வடிவமைப்புக்கான 2012-ம் ஆண்டு தேசிய விருதை ‘பரதேசி’ படத்துக்காகப் பூர்ணிமா ராமசாமி வாங்கினார். தேயிலைத் தோட்டத்தில் மாட்டிக்கொண்ட கூலிகளின் உடை அது, ஒன்றுகூடப் பளபளக்காது. புதுத் துணியைப் பழசாக்க டீ டிகாஷனில் முக்குவோம், முட்டியிலும் காலரிலும் மணல்தாளால் தேய்ப்போம், எந்த சீனில் எவ்வளவு கிழிசல் என்று கன்டினியூட்டி போட்டோ எடுத்து வைப்போம். வெள்ளைத் திரைக்கு முன்னால் டி-ஷர்ட் எடுத்தால் இது வராது. மலர் சினிமா என்று சொன்னதால்தான் செட்டுக்குப் போகச் சொன்னேன்.

ஊசிநூல்
செட்டுக்குப் போக வேண்டாம் என்று யார் சொன்னது அண்ணா? காசு வாங்கிக்கொண்டு போகட்டும். அந்த டிகாஷனில் துணி முக்குகிற கைக்கும் கூலி உண்டுதானே. சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் காஸ்ட்யூமர்களுக்குச் சங்கம் இருக்கிறது, செட்டில் சங்கத்து ஆளுக்கு பேட்டா உண்டு. ஸ்டைலிஸ்டின் தனி உதவியாளர் என்று வருகிற பெண்தான் எந்தக் கணக்கிலும் இல்லாமல் நிற்கிறாள்.

வடபழனிவாசி
அது சரி. அதில் நான் எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை. ஆனால் மலர் பேரம் பேசினால் அந்த ஸ்டைலிஸ்ட் வேறு ஆளை எடுத்துக்கொள்வார், அதையும் தெரிந்தே பேசட்டும்.

திருப்பூர்_மலர்
யோசித்து ஒன்று எழுதியிருக்கிறேன். “மாதம் முழுக்க வர முடியாது, படம் அல்லது விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் தனியாக வருகிறேன். ஷூட், துணி எடுக்கும் நாள், திருப்பிக் கொடுக்கும் நாள் மூன்றுக்கும் தினக்கூலி. டேமேஜ் செலவு என்னுடையது அல்ல. படத்தில் உதவியாளராகப் பெயர் போட வேண்டும்.” இன்று இரவு அனுப்பப் போகிறேன். அவர் வேண்டாம் என்றால் இங்கேயே கேட்லாக் ஷூட் தேடுகிறேன்.

ஊசிநூல்
தினக்கூலி எவ்வளவு என்று எண்ணைப் போட்டு அனுப்புங்கள். 'பார்த்துக் கொடுங்கள்' என்று விட்டால் மறுபடியும் ஆட்டோ காசில்தான் வந்து நிற்கும்.

வடபழனிவாசி
விளம்பரத்துக்கு ஒரு ரேட், படத்துக்கு ஒரு ரேட் போடுங்கம்மா, படத்தில் நாள் அதிகம், தினக்கூலி கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். அவர் மறுத்தால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள். உதவியாளருக்குச் சம்பளம் தருகிறவர்கள் இரண்டு பேரைத் தெரியும், சொல்லிப் பார்க்கிறேன்.