வெஸ்டர்னா, க்ரைமா? சின்னப் பதிப்பகப் பல்ப் நாவல்களை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

செங்கல்பட்டு லோக்கல்:
வணக்கம் நண்பர்களே. லயன் காமிக்ஸ்ல டெக்ஸ் வில்லர் படிச்சு வளர்ந்தவன் நான். அப்புறம் மாத நாவல் க்ரைம் கதைகள். இப்போ அமெரிக்கப் பல்ப் கதைகளை, அதாவது மலிவுப் பதிப்புல வந்த விறுவிறுப்பான கதைகளை, இங்கிலீஷ்லயே படிக்க ஆசை. ஐநூறு பக்கத் த்ரில்லர் வேண்டாம், ட்ரெயின்ல போக வர ரெண்டு மூணு நாள்ல முடியணும். வெஸ்டர்ன்ல, அதாவது கௌபாய் கதைகள்ல, ஆரம்பிக்கட்டுமா, க்ரைம்லயா?

கருப்பு மை:
தம்பி, முதல்ல இந்த ரெண்டையும் தனித்தனி அலமாரில வைக்காதீங்க. ரொம்ப வருஷமா ரெண்டையும் படிக்கிறவன்ங்கிற முறையில சொல்றேன், ரெண்டுக்கும் ரத்தம் ஒண்ணுதான்.

எல்மோர் லெனார்டை எடுத்துக்குங்க. 1950கள்ல டெட்ராய்ட்ல ஒரு விளம்பர கம்பெனில வேலை. விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுந்து, ஆபீஸுக்குக் கிளம்புற வரைக்கும் வெஸ்டர்ன் எழுதுவார். பாலைவனமும் மலையும் எப்படி இருக்கும்னு 'அரிசோனா ஹைவேஸ்' பத்திரிகைப் படங்களைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டார். 'த்ரீ-டென் டு யூமா' அப்படி எழுதின சிறுகதைதான். 1953ல 'டைம் வெஸ்டர்ன்' (Dime Western) இதழ்ல வந்தது. சொல்லுக்கு 2 சென்ட் கணக்குல அவருக்குக் கிடைச்சது 90 டாலர்.

கதைல என்ன இருக்கு? ஒரு துணை மார்ஷல் (போலீஸ் அதிகாரி மாதிரி), ஒரு கைதி, ஒரு ஹோட்டல் ரூம். யூமா ஜெயிலுக்குப் போற ரயில் 3.10க்கு. வெளியே கைதியோட கூட்டாளிங்க காத்திருக்காங்க. பெரும்பகுதி வெறும் பேச்சு. கைதி சிரிச்ச முகத்தோட சம்பளத்தைப் பத்தியும் குடும்பத்தைப் பத்தியும் கேட்டே அந்த மார்ஷல் மனசை அரிச்சுக்கிட்டே இருப்பான். குதிரையை எடுத்துட்டு காரை வெச்சா அப்படியே நகரத்து க்ரைம் கதை. டிவில வெஸ்டர்ன் பெருகி, பத்திரிகைச் சந்தை படுத்ததும், லெனார்ட் 1969ல 'தி பிக் பவுன்ஸ்' மூலமா க்ரைமுக்கு வந்தார். அதே காது, அதே வசனம். அவர் வெஸ்டர்னைப் படிக்காம க்ரைமை மட்டும் கொண்டாடுறவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும்.

எதிர்த்திசைல டஷீல் ஹாமெட்டோட 'ரெட் ஹார்வெஸ்ட்', 1929. பேர் சொல்லாத துப்பறிவாளன் மொன்டானா சுரங்க ஊருக்கு வர்றான். ஊரையே கூறுபோட்டு வெச்சிருக்கிற கும்பல்களை ஒண்ணோட ஒண்ணு மோதவிடுறான். அந்நியன் ஊருக்குள்ள நுழையறதும் ஊர் சுத்தமாகிறதும் வெஸ்டர்ன் இல்லாம வேற என்ன? ஹாமெட்டே பிங்கர்டன்ங்கிற தனியார் துப்பறியும் ஏஜென்சில வேலை பார்த்தவர், அதனால அடிதடில அலங்காரமே இருக்காது.

சின்னப் பதிப்பகம்னா 'ஹார்ட் கேஸ் க்ரைம்'. 2004ல ஆரம்பிச்சது. பழைய பாணியில கையால வரைஞ்ச அட்டை, மறந்துபோன நாவல்களும் புதுசும் கலந்து வரும். க்ரைம் எழுத்தாளர் டொனால்ட் வெஸ்ட்லேக் இறந்த பிறகு அவரோட 'மெமரி'யை 2010ல முதல்முறையா அச்சாக்கினது இவங்கதான். அந்த ஒரு காரியத்துக்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

ராத்திரி ஷிஃப்ட்:
கருப்பு மை அண்ணா சொன்னது சரி. ஆனா ஒண்ணு சேர்க்கணும். பழைய வெஸ்டர்ன் நிறையவற்றுல பூர்வகுடிகள் சுடப்படுறதுக்குன்னே வர்றவங்க. எனக்கு அது தாங்காது, பாதியிலயே மூடி வெச்சிருக்கேன். அதனால லெனார்டோட 'ஓம்ப்ரே' (1961) படிங்க. அபாச்சிங்கிற பூர்வகுடிகளோட வளர்ந்தவனைக் கோச்சு வண்டில பக்கத்துல உட்கார வைக்கவே கூசுறவங்க, கொள்ளைக்காரங்க வந்ததும் அவன் முகத்தைத்தான் பார்க்கிறாங்க. சின்ன நாவல், உங்க ட்ரெயினுக்குப் பொருந்தும்.

இன்னைக்கு எழுதுறவங்கள்ல டேவிட் க்ரான்மர். 'பீட் டு எ பல்ப்'ங்கிற இணைய இதழ்ல க்ரைமையும் வெஸ்டர்னையும் ஒண்ணாவே வெளியிட்டவர். எட்வர்ட் ஏ. க்ரெய்ஞ்சர்ங்கிற பேர்ல அவர் எழுதுற கேஷ் லாரமி, கிடியன் மைல்ஸ் கதைகள்ல ரெண்டு மார்ஷல்கள். கேஷ் அரபஹோ பூர்வகுடி மக்கள்கிட்ட வளர்ந்தவன், மைல்ஸ் கறுப்பினத்தவன். பெரும்பாலும் சிறுகதை, ஒரு ஸ்டேஷன்ல ஏறினா நாலாவது ஸ்டேஷன்ல ஒண்ணு முடியும்.

செங்கல்பட்டு லோக்கல்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றிங்க ராத்திரி ஷிஃப்ட். 'எட்ஜ்' வரிசையும் நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொன்னார். வாங்கலாமா?

கருப்பு மை:
அது 1972ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச வரிசை, ஜார்ஜ் ஜி. கில்மன்ங்கிற பேர்ல டெர்ரி ஹார்க்னெட் எழுதினது. இத்தாலிய வெஸ்டர்ன் படங்களோட வெறி அப்படியே இருக்கும், ரத்தம் அதிகம். எனக்குப் பிடிக்கும், ஆனா முதல் புத்தகமா வேண்டாம் தம்பி. 'ஓம்ப்ரே' முடிச்சுட்டு வாங்க, வசனத்தைப் பத்தி விலாவாரியாப் பேசலாம்.