வீட்டில் செய்த முதல் ஃபைபர்கிளாஸ் வில்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மூங்கில் வில், ஒற்றை மர வில் என்று கொஞ்ச காலம் சுற்றிவிட்டு ஃபைபர்கிளாஸ் பக்கம் வந்தவன் நான். செய்தது வேட்டை வில் வகை: 60 அங்குல நீளம், 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு. நான் எய்வது இலக்குப் பலகையில் மட்டும்தான். ஆனாலும் புதரில் மாட்டாத குட்டை நீளமும் கனமான அம்பைத் தள்ளும் பலமும் பிடித்துப்போனதால் இந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

மர வில் செய்து பழகியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரத்தில் சீவிச் சீவி, வளைத்துப் பார்த்து, மறுபடி சீவி வில்லைக் கண்டுபிடிக்கலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. பசை இறுகி அச்சிலிருந்து எடுக்கும்போதே இழுவிசை, வளைவு, முறுக்கு எல்லாம் முக்கால்வாசி தீர்மானமாகியிருக்கும். அதனால் என் நேரத்தில் பெரும்பகுதி ஒட்டுவதற்கு முன்னாலேயே போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

உள்ளே இருப்பது எளிமையான அமைப்பு. வெளிப்பக்கம் ஒன்று, வயிற்றுப்பக்கம் (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) ஒன்று என இரண்டு ஃபைபர்கிளாஸ் பட்டைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மி.மீ. கனம். இழைகள் எல்லாம் நீளவாக்கில் மட்டும் ஓடும் பட்டையாக இருக்க வேண்டும். படகுக்குப் போடும் நெசவுத் துணி இதற்கு உதவாது. நடுவில் மேப்பிள் அல்லது மூங்கிலில் மெல்லிய சீவல்கள். வளையும்போது இழுபடுவதும் நசுங்குவதும் பெரும்பாலும் கண்ணாடி இழைதான். நடுவில் உள்ள மரம் அந்த இரண்டையும் தள்ளி நிறுத்தி, ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. 1950-களில் அமெரிக்க வில் நிறுவனமான பேர் ஆர்ச்சரியின் கோடியாக் போன்ற வில்கள் பரவலானபோது வேட்டைக்காரர்கள் மர வில்லை ஓரங்கட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: நாளெல்லாம் நாண் பூட்டி வைத்தாலும் மர வில் மாதிரி வளைந்தபடி தங்கிவிடாது.

கனம்தான் எல்லாம். அகலம் இரட்டித்தால் இழுவிசை இரட்டிக்கும். கனம் இரட்டித்தால் எட்டு மடங்காகும். 9 மி.மீ. கனமுள்ள லிம்பில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) 0.1 மி.மீ. கூடினாலே 45 பவுண்டு வில்லில் ஒன்றரைப் பவுண்டு ஏறிவிடும். எனவே சீவல்களைக் கண்ணளவில் தேய்க்க முடியாது. டிரம் சாண்டர் என்ற தேய்ப்பு இயந்திரத்தில் தேய்த்து, ஒவ்வொரு சாணுக்கும் கனம் அளக்கும் காலிபர் வைத்துப் பார்த்தேன். கைப்பிடியிலிருந்து நுனி வரை மெலிந்துகொண்டே போக வேண்டும். எனக்கு ஓர் அங்குல நீளத்துக்கு ஆயிரத்தில் இரண்டு அங்குலம் என்ற சரிவு சரியாக வந்தது.

அப்புறம் அச்சு. பிளைவுட் துண்டுகளை அடுக்கி ஒட்டி, வில்லின் வளைவுக்கு அறுத்தேன். வளைவை விட முக்கியம், அதன் மேல்முகம் பக்கவாட்டுக்குச் சரியாக 90 டிகிரியில் இருப்பது. மூலைமட்டத்தை வைத்து, பின்னால் டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். ஓர் இடத்தில் மட்டத்துக்குக் கீழே தலைமுடி அளவுக்கு வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் கசிந்தது. கையால் தடவினால் தெரியவே தெரியாது. அதை அப்படியே விட்டால் லிம்ப் அந்த இடத்தில் சாய்வாக ஒட்டிக்கொள்ளும், நாண் பூட்டியதும் வில் ஒரு பக்கம் முறுக்கும். உப்புத்தாளைச் சதுரக் கட்டையில் சுற்றி, வெளிச்சம் மறையும்வரை தேய்த்தேன்.

ஒட்டும் நாளைக்கு முன் பசையில்லாமல் ஒரு முறை முழுதாக அடுக்கிப் பாருங்கள். எபாக்சிப் பசை பூசியபின் எல்லாமே எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும், எந்தச் சீவல் எங்கே என்று தேட நேரமிருக்காது. அச்சுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றி, கண்ணாடிப் பட்டையின் சொரசொரப்பான பக்கத்தை அசிட்டோனால் துடைத்து, ஒட்டும் முகங்கள் எல்லாவற்றிலும் பசை பூசினேன். மேல் அச்சுக்கும் அடுக்குக்கும் நடுவே தீயணைப்புக் குழாய்த் துண்டு. அதில் 4 பார் காற்று ஏற்றியதும் ஓரம் முழுக்கப் பசை முத்து முத்தாக வரிசைகட்டி வெளியே வந்தது. எங்கும் இடைவெளி விடாமல் அந்த வரிசை ஓடினால் அழுத்தம் சீராக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு குண்டு பல்பு போட்ட மரப்பெட்டிக்குள் 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம். பல்பை அணைத்தபின் அவசரப்பட்டுத் திறக்காமல் பெட்டிக்குள்ளேயே ஆறவிட்டேன். அறுத்ததையும் ராவியதையும் இன்னொரு நாள் எழுதுகிறேன். நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

* * *

அண்ணா, என்னிடம் குழாயும் கம்ப்ரசரும் கிடையாது. சைக்கிள் டியூபை நீளப் பட்டைகளாக வெட்டி, இழுத்துச் சுற்றித்தான் ஒட்டினேன். அச்சில் கீழ்ப்பாதி மட்டும். அடுக்கின் மேல் ஒரு மெல்லிய தகரப் பட்டை வைத்துவிட்டால் ரப்பரின் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவும். பெரிய வளைவு இல்லாத நேர் வில்லுக்கு இது தாராளமாகப் போதும். நுனி முன்பக்கமாக மடங்கும் ரிகர்வ் வடிவத்தில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அந்த மடிப்பில் ரப்பர் தூக்கிக்கொள்ளும்.

இன்னொன்று, அழுத்தம் அதிகமானால் நல்லது என்று நினைத்துக் கிளாம்பை மூச்சுமுட்ட முறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எபாக்சிக்கு அது வேண்டாம். நடுவில் மெல்லிய படலமாகப் பசை தங்க வேண்டும். அதையும் பிழிந்து வெளியே தள்ளிவிட்டால் ஒட்டு வறண்டுபோகும்.

* * *

நான் தூசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் அதை முதலில் சொல்வதில்லை. ஃபைபர்கிளாஸைத் தேய்க்கும்போது வரும் தூள் கண்ணுக்குத் தெரியாத ஊசி. துணி முகக்கவசம் போதாது, வடிகட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை எல்லாம் உண்டு. தூசியை ஊதவோ துடைப்பத்தால் கூட்டவோ வேண்டாம், ஈரத்துணியால் எடுங்கள். குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் சொறிய வைத்த ஆளை எனக்குத் தெரியும்.

ஓரம் ராவும்போது அரம் கண்ணாடியிலிருந்து மரத்தை நோக்கி உள்பக்கமாகப் போகட்டும். எதிர்த்திசையில் இழுத்தால் இழை சிலாம்பாகக் கிளம்பும். அது கையில் ஏறினால் வலி ஒரு பக்கம், வில்லில் விரிசல் அங்கிருந்தே தொடங்கும் என்பது இன்னொரு பக்கம். மரத்துக்கான பல் ரம்பம் கண்ணாடியில் சீக்கிரம் மழுங்கிவிடும். இரும்பு அறுக்கும் பிளேடும் இரும்பு ராவும் அரமும்தான் எனக்கு ஒத்துவந்தன. அறுப்பதற்கு முன் மேல்முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நூல் கட்டி நடுக்கோட்டை அதன் மேல் வரைந்துகொண்டால் கோடும் தெரியும், பளபளப்பிலும் கீறல் விழாது.

* * *

கைப்பிடிக் கட்டை லிம்புக்குள் மெலிந்து முடியும் இடத்தைக் கவனியுங்கள் தோழர்களே. என் அத்தான் செய்த வில் பார்க்க அழகாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு இழுவைக்கும் "டிக்" என்று ஒரு சத்தம். நாணைக் கழற்றிவிட்டு விளக்கில் பார்த்தோம். கட்டையின் முனை அட்டை கனத்தில் சட்டென்று முடிந்திருந்தது, அந்தப் படியில் சுமை குவிந்து ஒட்டு திறக்கத் தொடங்கியிருந்தது. அந்த முனை, பின்னால் விளக்கு வைத்தால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிய வேண்டும். வில்லை அவர் சுவரில் மாட்டிவிட்டார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. சத்தம் போடும் வில்லை முகத்துக்கு நேரே இழுப்பது துணிச்சல் ஆகாது.

* * *

எல்லோருக்கும் நன்றி. ராவியதைப் பற்றித் தம்பி ஒருவர் தனியாகக் கேட்டார், மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் இழுவையைக் கையால் செய்யவில்லை. வில்லைச் சுவர்த் தாங்கியில் வைத்து, கப்பி வழியாகக் கயிறு போட்டு, தள்ளி நின்று இழுத்தேன். நடுவில் கொக்கித் தராசு. வளைவு சரியில்லாத இடத்தில் மர வில் போல வயிற்றைச் சீவ முடியாது, கண்ணாடி போய்விடும். பக்க ஓரங்களை ராவி அகலத்தைக் குறைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் முறுக்கினால், வளைய மறுக்கும் விறைப்பான ஓரத்தை ராவுங்கள். நான்கைந்து தள்ளு, பிறகு நாண் பூட்டிப் பார்க்க வேண்டும். அகலம் கொஞ்சம் கூடுதலாக விட்டுத் தொடங்கியிருந்தேன், அந்த மிச்சம் இங்கேதான் கைகொடுத்தது. நாணுக்கும் லிம்புக்கும் உள்ள தூரம், மேல் லிம்பில் கீழ் லிம்பை விட 3 முதல் 6 மி.மீ. அதிகம் இருக்கும்படி நிறுத்தினேன்.

நாணுக்கு டேக்ரான் நூல். நீட்சி குறைந்த நவீன நூல் போட வேண்டுமானால் நுனியில் கூடுதல் அடுக்கு ஒட்டி பலப்படுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் நாண், தான் மாட்டியிருக்கும் நுனிப் பள்ளமான காடியைப் பிளந்துவிடும். அம்பு, ஒரு பவுண்டுக்கு 10 கிரெய்ன் வீதம், அதாவது 450 கிரெய்ன், கிட்டத்தட்ட 29 கிராம். எடை குறைந்த அம்பு வேகமாகப் போகும், ஆனால் மிச்சச் சக்தியை வில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அம்பே இல்லாமல் நாணை விட்டால் முழுச் சக்தியும் லிம்புக்குள் திரும்பும். வில்லைப் பார்க்க வருகிற நண்பர்கள் முதலில் செய்வது அதுதான், ஆகவே நாண் பூட்டிய வில்லை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.