நாய்க்கடி ஊசி நடுவில் குடித்துவிட்டார், மூன்றாவது ஊசி போடலாமா கூடாதா?

காரிமங்கலத்தான் | ஞாயிறு, இரவு 9.40

எங்கள் சின்ன மாமாவைப் போன செவ்வாய்க்கிழமை நாய் கடித்துவிட்டது. காரிமங்கலம் சந்தையில் தேங்காய் போட்டுவிட்டு வண்டியில் திரும்பும்போது தெருநாய் ஒன்று துரத்தி வந்து கெண்டைக்காலைக் கவ்வியதில் பல் ஆழமாக இறங்கி நல்ல ரத்தம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டோம். காயத்துக்குள்ளேயே ஒரு மருந்தை ஏற்றினார்கள், கைக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஊசி, அதோடு டிடி. வெள்ளிக்கிழமை இரண்டாவது தவணையும் ஆயிற்று. மூன்றாவது நாளை மறுநாள், செவ்வாய்.

வம்பு இனிமேல்தான். முதல் நாளே ஊசி போட்ட இடத்தில் "ஒரு மாசத்துக்குக் குடி, கறி, கோழி, மீன், கத்திரிக்காய் எதுவும் ஆகாது" என்று சொல்லி அனுப்பினார்கள். மனுஷன் நாலு நாள் தாக்குப்பிடித்தார். நேற்று ராத்திரி மாரியம்மன் பண்டிகைக்குப் பந்தல் போடும் இடத்தில் பங்காளிகளோடு உட்கார்ந்து ஒரு குவார்ட்டர் உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து "போட்ட ஊசியெல்லாம் வீண், இதுக்கு மேல போட்டா நரம்பு இழுத்துக்கும்" என்று ஒரே புலம்பல். செவ்வாய் மாவிளக்கு, புதன் கிடா வெட்டு. அதனால் பண்டிகையை முடித்துவிட்டு, அடுத்த வாரம் முதல் ஊசியிலிருந்து புதிதாக ஆரம்பித்துக்கொள்கிறாராம். அத்தை அழுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மத்தூர் மாங்கொட்டை | ஞாயிறு, இரவு 9.58

இதில் கேட்க என்ன இருக்கிறது தம்பி. ஊசி போட்டால் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் தாத்தாவுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள், அந்தக் காலத்தில் அவர் சாராயம் காய்ச்சும் ஊரில் இருந்துகொண்டே மூன்று மாதம் வாய் வைக்கவில்லை. எண்பது வயது வரை இருந்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பத்தாவது ஊசியோடு குடித்துவிட்டுக் கால் இரண்டும் விழுந்து படுத்த படுக்கையானார் என்று தாத்தா வாயால் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | ஞாயிறு, இரவு 10.31

காரிமங்கலத்துத் தம்பி, முதலில் உங்களுக்குப் பதில், மற்றது பிறகு. செவ்வாய்க்கிழமை காலையில் மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். குடித்திருந்தாலும் போங்கள். போட்ட இரண்டு தவணையும் வீணாகவில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்கவும் வேண்டாம். தோலுக்குள் போடும் இந்த முறையில் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. ஒருவேளை ஒரு நாள் தவறினால்கூட விட்ட இடத்திலிருந்துதான் தொடருவார்கள். ரேபிஸ் நோய் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும், அது வந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. காலில் அத்தனை ஆழமாகக் கடி வாங்கியவர் ஒரு வாரம் தள்ளிப்போடுவதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மத்தூர்க்காரருக்கு: உங்கள் தாத்தா சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர் போட்டுக்கொண்டது வேறு ஊசி. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் உருவாக்கிய மருந்து அது, ஆட்டுக்கு ரேபிஸ் கிருமியை ஏற்றி, அந்த ஆட்டு மூளையை எடுத்து, கார்பாலிக் அமிலத்தில் கிருமியைச் செயலிழக்க வைத்துத் தயாரிப்பார்கள். நம் பக்கத்துக்கு அது குன்னூர் பாஸ்டியர் நிலையத்திலிருந்து வரும். வயிற்றில் தினம் ஒன்றாகப் போடவேண்டும். அதில் ஆட்டின் மூளைத் திசு இருந்ததால் சிலருக்கு உடம்பு அதை எதிர்க்கும்போது சொந்த நரம்பையும் சேர்த்துத் தாக்கிவிடும், கை கால் விழும். அதனால்தான் ஊசி நடக்கும்போது குடிக்காதே, கடுமையான வேலை செய்யாதே என்று அன்றைய டாக்டர்கள் கட்டுப்பாடு வைத்தார்கள். குடிக்காதவர்களுக்கும் கால் விழுந்திருக்கிறது, அது மருந்தின் கோளாறு. 2004 டிசம்பரோடு இந்தியாவில் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது செல்களில் வளர்த்துச் சுத்திகரித்த மருந்து, அதில் மூளையும் இல்லை நரம்பும் இல்லை. மருந்து மாறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பத்தியம் மட்டும் மாறாமல் நிற்கிறது. கத்திரிக்காய் எங்கிருந்து சேர்ந்தது என்று எனக்கே தெரியாது!

அரூர் மருமகள் | திங்கள், காலை 6.15

சிஸ்டர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். எனக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்காரர் கல்யாணம் ஆன பதினெட்டு வருஷத்தில் தொடர்ந்து குடிக்காமல் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். ஆணி குத்தி டிடி போட்டபோது மூன்று நாள். கொரோனா ஊசி இரண்டு தடவையும் பதினைந்து பதினைந்து நாள். ஆடு மேய்க்கப் போய் நாய் கீறியபோது முழுசாக முப்பத்தைந்து நாள், அந்த மாதம்தான் பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டினோம். என் மாமியார் சொல்லிக் கேட்காதவர், என் அம்மா வீட்டுப் பஞ்சாயத்துக்கு அடங்காதவர், ஒரு ஊசிக்குப் பயந்து அடங்கினார். இந்தப் பயம் பொய் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஊருக்குச் சொல்லிவிட்டால் எங்களிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

மத்தூர் மாங்கொட்டை | திங்கள், காலை 6.50

அக்கா நூற்றுக்கு நூறு. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், எனக்கு இப்படிக் கோவையாக வரவில்லை. சிஸ்டர் எழுதியதைப் படிக்கிறவன் ஊசி போட்ட பஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக்குப் போவான், பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் தூக்கும்போது முதல் ஆளாக நிற்பான்.

ஓசூர் நைட் ஷிஃப்ட் | திங்கள், காலை 8.05

ஷிஃப்ட் முடிந்து வந்து படிக்கிறேன். கொரோனா சமயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? 2021 செப்டம்பரில் அரசு ஞாயிற்றுக்கிழமை தோறும் மெகா தடுப்பூசி முகாம் போட்டது. ஞாயிறு கறியும் சரக்கும் போய்விடுமே என்று ஒரு கூட்டம் வரவே இல்லை. அக்டோபரில் முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனே இந்தக் காரணத்தைத்தான் சொன்னார். ஒரு மாநில அரசே கிழமையை மாற்றும் அளவுக்கு இந்த நம்பிக்கை ஊசியைத் தடுத்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் முகாம் வைத்த அன்று லீவு போட்டவர்களில் பாதிப் பேர் மறுநாள் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் மச்சான் வீட்டு விசேஷம் வைத்திருந்தார்கள், விசேஷம் என்னவென்று கேட்கக் கூடாது.

இத்தனைக்கும் மது குடிப்பதால் ஊசியின் வேலை கெடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மத்திய சுகாதாரத் துறையின் கொரோனா கேள்வி பதிலிலேயே போட்டிருந்தது. அதை மைக் கட்டி யாரும் ஊருக்குள் சொல்லவில்லை.

மத்தூர் மாங்கொட்டை | திங்கள், காலை 8.22

ரஷ்யாவில் பெரிய அதிகாரியே ஊசிக்கு முன்னால் இரண்டு வாரம், பின்னால் நாற்பத்திரண்டு நாள் குடிக்காதே என்றாரே, டிவியில் நானே பார்த்தேன். அவர் என்ன மத்தூர்த் தாத்தாவா?

ஓசூர் நைட் ஷிஃப்ட் | திங்கள், காலை 8.40

அன்னா போபோவா. 2020 டிசம்பர், ரஷ்யாவின் ஸ்புட்னிக் கொரோனா ஊசிக்கு. சொன்னார், உண்மை. ஆனால் அந்த ஊசியை உருவாக்கிய நிலையத்தின் தலைவர் அலெக்சாண்டர் கின்ஸ்பர்க் அதை உடனே மறுத்தார், ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு மூன்று நாள் தவிர்த்தால் போதும், ஒரு கிளாஸ் ஷாம்பெயின் யாரையும் ஒன்றும் செய்யாது என்றார். டிவியில் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டீர்கள் போல.

தேன்கனிக்கோட்டை குளிர் | திங்கள், காலை 9.10

அந்த நாய் என்ன ஆயிற்று? யாராவது கேட்டீர்களா?

காரிமங்கலத்தான் | திங்கள், காலை 9.18

அன்று ராத்திரியிலிருந்து ஆளைக் காணோம். அதுதான் பயமே.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | திங்கள், மதியம் 1.45

அரூர்க்காரம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முப்பது வருஷம் கிராமத்தில் வேலை பார்த்தவள் நான், ஒரு காலத்தில் நானே "குடிச்சிடாதய்யா, ஊசி வேலை செய்யாது" என்று ஆண்களை மிரட்டி அனுப்பியிருக்கிறேன். எதற்காக? நீங்கள் சொன்ன அதே காரணத்துக்காக. அந்த வீட்டுப் பெண் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சுவாள்.

ஆனால் உங்கள் வீட்டுக்காரர் ஊசிக்குப் பயந்து குடியை விட்டார். என்னிடம் வந்த பலர் குடிக்காக ஊசியை விட்டார்கள். மூன்றாவது தவணைக்கு ஆள் வராமல் பேரேட்டில் கட்டம் காலியாக இருக்கும், வீடு தேடிப் போனால் "போன வாரம் லேசா சாப்பிட்டுட்டேன் சிஸ்டர், அதான் வரல" என்பார்கள். நான் மிரட்டியதால்தானே வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவை பென்னாகரம் பக்கத்து மலை ஊருக்கு, கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு நடந்தே போய் ஒருவருக்குப் போட்டேன். போட்டு முடித்ததும் அவர் "குடிச்சிருக்கேனே, ஒன்னும் ஆகாதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த மிரட்டலை விட்டேன். குடிக்காதே என்று இன்றைக்கும் சொல்வேன். குடித்தால் ஊசி போடாதே என்று யாருக்கும் தோன்றும்படி மட்டும் சொல்லமாட்டேன்.

மத்தூர் மாங்கொட்டை | திங்கள், மதியம் 2.03

சரி, அப்படியென்றால் குடிக்கலாம், அதுதானே? சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | திங்கள், மதியம் 2.40

நேராகவே சொல்கிறேன். எப்போதாவது ஒருநாள் கொஞ்சம் குடித்ததால் ரேபிஸ் ஊசி செத்துப்போகாது. தினமும் முழுசாக ஏற்றுகிறவர் கதை வேறு, அவருக்கு ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மட்டுப்படும். மஞ்சள் காமாலை பி ஊசி, நாள்பட்ட குடியால் ஈரல் கெட்டவர்களுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. அதற்காக அவர்களுக்கு ஊசி வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை, காமாலை பி, நிமோனியா ஊசிகளை இவர்கள்தான் முக்கியமாகப் போடவேண்டும் என்கிறார்கள். ஈரல் ஏற்கெனவே நொந்திருக்கும்போது காமாலையும் சேர்ந்தால் தாங்காது.

அப்புறம் ஊசி போட்ட அன்று குடிக்காமல் இருப்பது நல்லது, அதற்குக் காரணம் சாதாரணமானது. ராத்திரி காய்ச்சல், உடம்பு வலி வரலாம். அது ஊசியாலா, போதை இறங்கியதாலா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பார்கள், நிறைய குடிக்கிறவர் அதையும் இஷ்டத்துக்கு விழுங்கினால் ஈரலுக்கு இரட்டை அடி. போதையில் காயத்தில் மண் பட்டாலும் தெரியாது. எல்லாவற்றையும் விட, போதையில் இருப்பவருக்குத் தேதி ஞாபகம் இருக்காது. இருபத்தெட்டாம் நாள் ஊசிதான் அதிகம் தவறுவது, காயம் ஆறியிருக்கும், பயமும் ஆறியிருக்கும்.

அரூர் மருமகள் | திங்கள், மாலை 5.30

நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர். நீங்கள் வீடு தேடிப் போகிறவர், அதனால் ஊசிக்கு வராதவன் உங்கள் கண்ணில் பட்டான். நான் வீட்டிலேயே இருக்கிறவள், என் கண்ணில் படுவது வேறு. ஊசி போட்டு வரும்போது கூடவே நின்று தேதியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் பயமுறுத்தியே வைத்திருக்கலாம், ஒன்றும் கெடாது. ஆள் இல்லாத வீட்டுக்கு வேண்டுமானால் உங்கள் பேச்சு.

ஆனால் அந்தத் தம்பியின் மாமாவை நாளைக்குக் கட்டாயம் கூட்டிப்போகச் சொல்லுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

மத்தூர் மாங்கொட்டை | திங்கள், மாலை 6.12

எனக்கும் இல்லை. தாத்தா ஊசியும் இந்த ஊசியும் ஒன்றில்லை என்பது வரைக்கும் ஏற்றுக்கொள்கிறேன். மிச்சம் நான் செத்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

காரிமங்கலத்தான் | செவ்வாய், மாலை 7.25

மூன்றாவது ஊசி போட்டாயிற்று.

காலையில் மாவிளக்குக்கு முன்னால் கிளப்புவதற்குள் பெரும்பாடு. ஆட்டு மூளைக் கதையைச் சொன்னேன், "அப்ப இது ஆட்டு மூளை இல்லையா, நிச்சயமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஓபி சீட்டு வாங்கும் வரிசையில் இவரைப்போலவே இரண்டு பேர் குசுகுசுவென்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் ஊசிக்கு வரவேண்டிய நாள் தாண்டி ஆறு நாள் ஆகிறதாம். மாமா அவருக்கு ஆட்டு மூளைக் கதையை முழுசாக எடுத்துச் சொன்னார், என்னமோ இவரே குன்னூரில் வேலை பார்த்தவர் மாதிரி. உள்ளே போனதும் ஊசி போடுகிற அம்மா "குடிச்சியா?" என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு "சனிக்கிழமை கொஞ்சம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கணக்கு எனக்கே அப்போதுதான் தெரிந்தது, அதையும் அத்தை பின்னாலிருந்து சொல்லிவிட்டார். நல்ல திட்டு விழுந்தது, திட்டிக்கொண்டே இரண்டு கையிலும் போட்டுவிட்டார்.

நான்காவது தவணையும் செவ்வாய்க்கிழமையில்தான் வருகிறது, சந்தை நாள். அட்டையை மாமாவிடம் கொடுக்காமல் அத்தை தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். இங்கே நடந்த பேச்சை வீட்டில் யாரும் மாமாவுக்குப் படித்துக் காட்டக் கூடாது என்று எனக்குக் கட்டளை. இருபத்தெட்டாம் நாள் வரைக்கும் குடிக்கக் கூடாது என்று டாக்டரே சொன்னதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். அரூர் அக்காவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

நாளைக்குக் கிடா வெட்டு. பார்ப்போம்.